இது தெளிவா, அது தெளிவா?

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் சோதிப்பவன் அவன். வருகிறவரின் மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் நாள் முழுக்க வேலை. யாராவது இழுத்தால் விடமாட்டான். "யோசிக்காதீங்க, சட்டுனு சொல்லுங்க. முதல்ல வர்ற பதில்தான் சரி" என்பான். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வந்தவர் சொல்லிவிட்டால், சரியான வில்லை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சோதனை அதோடு முடிந்தது.

ஊருக்குத்தான் உபதேசம்! சொந்த விஷயத்தில் அவனைப்போல இழுத்தடிக்கிற ஆளைப் பார்க்க முடியாது. துணிக்கடையில் இரண்டு சட்டையை எடுத்துப் பார்த்து, இரண்டையும் வைத்துவிட்டு வருவான். பச்சையா நீலமா என்று முடிவாகாததால் அவன் அறைச் சுவர் பாதியில் நிற்கிறது. "மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதிச்சிடும்டா. நீ அந்த மதிலாவே ஆயிட்ட" என்று கூட இருக்கிற அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அக்காவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கடையின் முன்பக்கத்தில் சட்டம் பொருத்தித் தருகிறவள்மேல் அவனுக்கு உயிர். கணவனை இழந்து தனியாக வாழ்கிறவள். கேட்டுவிடலாம் என்று காலையில் கிளம்புவான். மாட்டேன் என்றுவிட்டால் தினமும் எப்படி முகத்தைப் பார்ப்பது என்று மாலையில் வாயை மூடிக்கொண்டு திரும்புவான். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அவள் வேலை முடிந்ததும் ஆங்கில வகுப்புக்குப் போகிறவள். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி கேட்டாள்: "டாக்டர் சார், வேவர்னா என்ன தெரியுமா?" அவன் டாக்டர் இல்லை, அது அவள் கேலியாக வைத்த பெயர்.

"தயங்குறதா?"

"பாதிதான் சரி. தயங்குறவன் நின்ன இடத்துலயே நிப்பான். வேவர் பண்றவன் இந்தப் பக்கம் சாய்வான், உடனே அந்தப் பக்கம் சாய்வான். காத்துல விளக்கு ஆடுதே, அதுக்கும் இதே வார்த்தைதானாம். எந்த ரெண்டுக்கு நடுவுல ஆடுறோம்னும் சேர்த்துச் சொல்லலாமாம். ஒரு வாக்கியம் எழுதிட்டு வரச் சொன்னாங்க."

"எழுதியாச்சா?"

"ம். ஒருத்தர் பேசலாமா வேண்டாமான்னு ஆடிக்கிட்டே இருக்கார்னு எழுதினேன்."

அவனுக்குப் புரையேறியது. அவள் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, "வேற ஊர்ல திறக்கிற கடைக்குப் போறியான்னு முதலாளி கேட்டிருக்கார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்" என்றாள்.

"நல்ல வாய்ப்புதான்..." என்றான். "ஆனா..." என்றான். அதற்குள் யாரோ கண் காட்ட வந்துவிட்டார்கள். அப்பாடா என்று எழுந்து போனவன், பின்னறைக்குள் நுழைந்ததும் தன்னையே திட்டிக்கொண்டான். வாயில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது, பாவி!

கடை சாத்துகிற நேரத்தில் அவள் பின்னறைக்கு வந்தாள். வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க. இன்னைக்கு உங்க கண்ணை நான் பார்க்கிறேன்" என்றாள்.

உட்கார்ந்தான். சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டாள். எடுத்து, இன்னொன்றைப் போட்டாள்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"முதல்ல போட்டது."

"இது தெளிவா, அது தெளிவா?"

"அது வந்து..."

"யோசிக்காதீங்க, சட்டுனு சொல்லுங்க."

"இதுதான்."

"நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

"இருங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே காதில் விழுந்தது.

"கடைக்காகவா, உங்களுக்காகவா?"

"எனக்காக." இந்த முறை யாரும் அவசரப்படுத்தவில்லை. "என்னோடவே இருங்க. இத்தனை நாள் கேட்காம விட்டதுக்கு மன்னிச்சிடுங்க."

அவளை நிமிர்ந்து பார்த்தான். மூக்கில் இருந்தது அவனுக்குப் பொருந்தாத வில்லை. அவள் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏங்க, முகமே தெரியல. சிரிக்கிறீங்களா, அழறீங்களா?"

அவள் குனிந்து, சட்டத்தை மெதுவாகக் கழற்றினாள்.

"ரெண்டும் ஒண்ணுதான், டாக்டர் சார்."