மண் வளையக் கிணறு

லிங்கநகரில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியது அறுபதுகளின் நடுவில். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. முதலில் தண்ணீர் வேண்டுமென்று கிண்ணியாவிலிருந்து கிணறு வெட்டுகிறவரை அழைத்து வந்தோம். ஆளுயரம் வெட்டியதும் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதுக்குள்ள வேற கிணறு ஒண்டு கிடக்கு."

எட்டிப் பார்த்தேன். சுட்ட மண் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. உள்ளே மணல் நிரம்பியிருந்தது.

மத்தியானத்துக்குள் ஒழுங்கைச் சனமே கூடிவிட்டது. சோழர் காலம் என்றார் ஒருவர். ஒல்லாந்தர் என்றார் இன்னொருவர். "எங்கட ஆக்கள்தான் முதல் வந்தவை. இனி ஆரும் மறுக்க ஏலாது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் குழிக்குள் ஒருதரம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

கணவர் சொல்லியனுப்ப, தொல்பொருள் ஆய்வாளர் ஒருவர் வந்தார். முழங்காலில் நின்று வளையத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"ஐயா, இது ஆற்ற கிணறு? எங்கட ஆக்களின்ரதானே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"ஆரோ தண்ணிக்காகக் கட்டியிருக்கினம். இப்ப அதுக்குமேல சொல்ல ஏலாது."

பக்கத்து வீட்டுக்காரரின் முகம் சுருங்கிப் போனது. எனக்கோ வேறு கேள்வி: இவ்வளவு பெரிய வளையங்களை எப்படி உள்ளே இறக்கினார்கள்? ஆய்வாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு வளையத்தை வைத்து, அதற்குள்ளிருக்கும் மணலை அள்ள அள்ள அது தானாக இறங்குமாம். பிறகு மேலே அடுத்ததை வைப்பார்களாம்.

உடைக்க வேண்டாமென்று அவர் சொன்னதால் வளவின் மறுமூலையில் வெட்டினோம். உப்புத் தண்ணீர். அதில் போட்ட தேநீரைக் கணவர் ஒரு வாய்க்குமேல் குடிக்கவில்லை. மறுபடி ஆய்வாளரிடம் கேட்டோம். அவர் வந்து படமெடுத்து, அளந்து, வரைந்த பிறகு பழைய கிணற்றின் மணலை அள்ளி இறைக்கச் சம்மதித்தார்.

அடியில் கழுத்துடைந்த சிறு பானை ஒன்று அகப்பட்டது. ஆய்வாளர் கொண்டுபோகுமுன் கையில் வாங்கிப் பார்த்தேன். உட்புறத்தில் பெருவிரல் பதிந்த பள்ளம். என் விரல் அதில் சரியாக அடங்கியது.

"இதை விழுத்தினவவுக்கு வீட்டில ஏச்சு விழுந்திருக்குமோ?"

அவர் சிரித்தார். "அதைக் கண்டுபிடிக்க எங்களிட்ட வழியில்லை, அம்மா."

மாலைக்குள் தண்ணீர் தெளிந்து ஊறியது. நல்ல தண்ணீர். ஆய்வாளருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தேநீர் கொடுத்தேன். யாருடைய கிணறு என்ற கதையை அன்று பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கவில்லை. மறுநாள் காலை அவர் மனைவி குடத்தோடு வந்து நின்றார்.