கப்பலுக்கு அடிக்கும் டார்ச்

என் வீட்டுக்காரர் துளசிங்கத்துக்குக் கப்பல் என்றாலே ஆகாது. லைட்ஹவுஸ் குப்பத்தில் யாருக்குத்தான் ஆகும்? வலை விட்டிருக்கும்போது கப்பல் நேரே வந்தால், படகிலிருந்து டார்ச்சை இரண்டு தடவை வெட்டி, மூன்றாவது தடவை நீளமாக அடிப்பார்கள். வலை கிடக்கிறது, ஒதுங்கு என்று அர்த்தம். எந்தக் கப்பலும் பதிலுக்கு அடித்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவர் தம்பி ஏகாம்பரமும் அடித்தான். கப்பல் அவன் படகின்மேல் ஏறிப்போனதைத் தூரத்துப் படகுக்காரர்கள் பார்த்தார்கள். அவன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்ட மனுஷன், பத்தாவது பாஸானால் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போகிறேன் என்று மகள் மோனிஷாவிடம் வாயை விட்டுவிட்டார். அவள் விடுவாளா?

சென்னையிலிருந்து வடக்கே கிளம்பிய கப்பல், பொழுது சாயும் நேரத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தது. மேல்தளத்தில் மோனிஷா செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் தண்ணீரில் ஒரு வெளிச்சம். இரண்டு வெட்டு, ஒரு நீளம்.

அவர் மகளின் போனைப் பிடுங்கி, அதே மாதிரி பதில் அடித்தார். "நம்ம குப்பத்துப் படகுதான்!"

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னாய்யா சொல்ற? குப்பத்துல சாவுன்னு மத்தியானம்தான போன் வந்துச்சு? சாவு வுழுந்த அன்னிக்கு எவன் கடலுக்குப் போவான்?"

"நைனா, அது கிட்ட வருது," என்றாள் மோனிஷா.

வெளிச்சம் கப்பலுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அவர் கம்பிக்கு வெளியே பாதி உடம்பைச் சாய்த்துக் கத்தினார்.

"ஒதுங்குடா ஏகாம்பரம்! ஒதுங்கு!"

அது ஒதுங்கவில்லை. நாங்கள் ஏறி வந்த கப்பலும் ஒதுங்கவில்லை.