புஷ்பவள்ளி வைத்த சுண்டைக்காய்க் குழம்பு

எங்கள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் பின்னால், மலைச்சரிவில் சுண்டைச் செடிகள் காடாக மண்டிக் கிடக்கின்றன. யாரும் நட்டதில்லை. முள்ளைப் பார்த்து எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். எதிர்வீட்டுப் புஷ்பவள்ளிதான் கை கிழியக் கிழியப் பறிப்பாள். மற்ற நாளெல்லாம் பாலம் தாண்டி மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. லீவு நாளில் சுண்டைக்காய். காயைத் தட்டி, விதை போக அலசி, பூண்டு போட்டு அவள் குழம்பு வைத்தால் மாடியே மணக்கும்.

அதைக் கொடுத்தால் வாங்காத ஒரே வீடு மூன்றாம் மாடி ஜெயலெட்சுமி வீடு. புஷ்பாவுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அவள் கையால் எதுவும் வேண்டாமாம். நல்ல நியாயம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புஷ்பாதான், "விடுங்கக்கா" என்பாள்.

போன ஞாயிறு அதே ஜெயலெட்சுமி வந்து புஷ்பா வீட்டுக் கதவைத் தட்டினாள். மருமகள் தனுஜா பிள்ளை பெற்றிருக்கிறாள், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, சுண்டைக்காய்க் குழம்பு கேட்கிறாள் என்றாள். புஷ்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே சரிவில் ஏறிப் பறித்துவந்து சமைத்தாள். நான் போனபோது தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தூக்குச்சட்டி நிறைந்து தயாராக இருந்தது. கொடுத்துவிட்டு வந்து, "புள்ளய என் கையில குடுத்தாங்கக்கா" என்றாளே, அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு நோர்மா வந்தாள். சரிவு முழுக்க நேற்றே புல்லைக் கொல்லும் மருந்து அடித்துவிட்டார்களாம், அங்கே எதையும் பறிக்காதே என்றாள்.

"ஒன்னும் சொல்லாத. சட்டிய மட்டும் நைசா வாங்கிட்டு வந்துடு" என்றேன் புஷ்பாவிடம். உண்மையைச் சொன்னால் இனி அந்த வாசலை மிதிக்க முடியுமா?

"பால் குடுக்கிறவக்கா அவ!" புஷ்பா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தனுஜா முன்னால் தட்டு இருந்தது. சோற்றில் குழம்பு ஊற்றியிருந்தார்கள். "சாப்பிடாதம்மா! மருந்தடிச்ச காய். தெரியாம பறிச்சுட்டேன்" என்று புஷ்பா தட்டை இழுத்துக்கொண்டாள்.

ஜெயலெட்சுமி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும் லா! புள்ள இல்லாதவ கண்ணு சும்மா இருக்குமா?" தானே வந்து கேட்டது மறந்துபோயிற்று அவளுக்கு. "வாய மூடுங்க!" என்று கத்தினேன். புஷ்பா சோற்றைச் சட்டியில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தனுஜாதான் கேட்டாள். "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?"

அது எங்கள் யாருக்கும் தோன்றவேயில்லை. எனக்கும்தான்.

"மத்தியானமே சாப்பிட்டேன்மா. நீ வாயில வைக்கலல்ல?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்று புஷ்பா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏங்க, காடிய எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று தனுஜா புருஷனைக் கூப்பிட்டாள். ஜெயலெட்சுமி கார் சாவியை எடுத்து மகனிடம் நீட்டினாள்.