புஷ்பராஜ் அங்கிளின் தாடை

டிசம்பர் பிறந்தால் கொழும்பு வெயிலில் ஸ்வெட்டரைச் சுமந்துகொண்டு நடக்கும் மனிதர் எனக்குத் தெரிந்து புஷ்பராஜ் அங்கிள் ஒருவர்தான். கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் வியர்த்து வழிந்தபடி நிற்பார். தோளில் கருவிப் பை, கக்கத்தில் மடித்த ஸ்வெட்டர். நுவரெலியா ஹோட்டல்களில் வெந்நீர் பொயிலர்களைத் திருத்துவது அவர் தொழில். குளிர் ஏற ஏற ஹோட்டல்கள் நிறையும், பொயிலர்கள் மக்கர் பண்ணும், அங்கிளின் தொலைபேசி அடிக்கும். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்தவர். முப்பத்தைந்து வருடமாக அவருடைய டிசம்பரில் பாதி மேலே, பாதி கீழே.

கீழே இருக்கும் ஞாயிறுகளில் எங்கள் லூத்தரன் சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். சபை என்றால் நாற்பது பேர், ஒரு கண்ணாடிக் கடையின் மேல்மாடி. எங்கள் ஞானப்பாட்டுகளில் ஒவ்வொரு வரி முடிவிலும் கடைசிச் சுரத்தை இழுத்து நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை. அங்கிளின் தாடை உயர்ந்திருக்கும் வரை இழுப்போம். அது இறங்கினால் மூச்செடுத்து அடுத்த வரிக்குப் போவோம். நான் வெள்ளவத்தையிலிருந்து வந்து கடைசி வாங்கில் ஒதுங்கி உட்காருகிறவன். கவிதையில் வரி எங்கே உடைகிறது என்று பார்த்துக்கொண்டே வாசிக்கிறவன். அப்படியிருந்தும், நாற்பது பேர் ஒரு மனிதரின் தாடையைப் பார்த்து மூச்சு விடுகிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் பிடிபடவில்லை.

இந்த வருடம் பிடிபட்டது. டிசம்பர் முதலாம் தேதி தொடங்கி நாளுக்கு ஒரு கிறிஸ்மஸ் பாட்டு, இருபத்துநான்கு நாளைக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவது என்று சபை முடிவெடுத்தது. ஒலிப்பதிவைத் தொகுப்பது என் பொறுப்பு. முதல் இருபத்துமூன்றும் தனிக்குரல்கள். கடைசிப் பாட்டு மட்டும் அங்கிள் எடுத்துக் கொடுக்க எட்டுப் பேர் சேர்ந்து பாடுவது. கிறிஸ்மஸுக்குப் போதகர் போக முடியாத மூன்று தோட்டங்களில் அதை ஒலிபெருக்கியில் போட்டு, சனங்கள் கூடவே பாடுவார்கள்.

எட்டுப் பேரும் தத்தம் வீட்டில் பாடி அனுப்பினார்கள். சேர்த்துப் பார்த்தேன். முதல் வரியின் முடிவிலேயே எட்டுப் பேரும் எட்டு இடத்தில் நின்றார்கள். கீபோர்ட் வாசிக்கும் லவினா அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இது பாட்டில்ல தம்பி. ஆமர் வீதிச் சந்தியில சிக்னல் வேல செய்யாத மாதிரி இருக்கு.”

ஆகவே கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, திருவருகையின் நாலாம் ஞாயிறு, மேல்மாடியிலேயே கூடிப் பாடிவிடலாம் என்று தீர்மானித்தோம். சனிக்கிழமை அங்கிள் இறங்கி வருவதாக இருந்தது. சனிக்கிழமைதான் மழையில் மண் சரிந்து பாதை மூடியது.

ஞாயிறு மதியம் அங்கிள் தன் மனைவி மேனகா ஆன்ட்டிக்கு அழைத்தார். மேல்மாடியில் கூடியிருந்த எல்லோருக்கும் கேட்க ஆன்ட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

“நாலு மணிக்கு மரக்கறி லொறி ஒன்னு கெளம்புது. சுத்து ரோட்டால வர்றேன். நாளைக்கு எடுப்போம்.”

“அந்த ரோட்டுல நேத்து வேன் ஒன்னு பள்ளத்துல போயிருக்கு. டீவியில காட்டுனாங்க.”

“அது வேன். இது லொறி.”

“லொறிக்கு என்ன, செறகா மொளச்சிருக்கு?”

“மேனகா, தோட்டத்துல அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. அந்தப் பாட்டு இல்லாம எப்படி?”

ஆன்ட்டி தொலைபேசியை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். அவருடைய சேலைத் தலைப்பின் நுனி கயிறுபோல முறுக்கேறிக் கிடந்தது.

“தம்பி, பாட்டு இன்னைக்கே முடிஞ்சிட்டா அவரு லொறியில ஏற மாட்டாரு. முடியலன்னா ஏறிருவாரு. நான் சொன்னா கேக்கிற ஆள் இல்ல. ஏதாச்சும் செய்யுங்க.”

மூன்று மணி. சபையில் நான் வாய் திறப்பது அபூர்வம். “வீடியோவில அவரின்ட தாடை தெரிஞ்சாப் போதுமெண்டு நினைக்கிறன்,” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் காது சுட்டது.

அப்படியே செய்தோம். நான்கு மெழுகுதிரிகள் எரிந்த பீடத்துக்கு முன்னால், வேதப்புத்தக அடுக்கொன்றில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தேன். அங்கிள் பொயிலர் அறையில் ஆவி கசியும் ஒரு குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் சத்தம் அவருக்கு ஒரு மூச்சுப் பிந்திப் போய்க் குழப்பும். அவர் சத்தம் எங்கள் பதிவில் புகுந்துவிடும். இரண்டு பக்கமும் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். ஆக, அவர் எங்களைக் கேட்காமல் தனக்குள் பாடுவார், நாங்கள் அவரைப் பார்த்துப் பாடுவோம்.

“அப்ப என் கொரல் அதுல இருக்காதா தம்பி?” என்று கேட்டார்.

“இருக்காது அங்கிள்.”

கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டார். “சரி, போடுங்க.”

மின்விசிறியை நிறுத்தினோம். லவினா அக்கா ஒரு சுரம் கொடுத்தார். முதல் தடவை இரண்டாம் சரணத்தில் கீழே ஒரு முச்சக்கர வண்டி ஹோர்ன் அடித்தது, வீணாய்ப் போனது. மறுபடி தொடங்கும்போது மூன்று நாற்பது.

இந்தத் தடவை எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது. தாடை எழும்பும், இறங்கும். மூன்று சரணம் முடிந்தது. நான்காவதில் இரண்டாம் வரி முடிவில் அங்கிளின் தாடை மேலே போனது. அங்கேயே நின்றது. நாங்களும் இழுத்துக்கொண்டு நின்றோம். பிறகுதான் பார்த்தேன், அவருக்குப் பின்னால் ஆவியும் அசையாமல் நின்றது. படம் உறைந்துவிட்டது.

எட்டுப் பேரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு நேரமில்லை. லவினா அக்காவின் முகம் சிவந்தது. அவருக்குப் பக்கத்தில் பாடிய டிலானின் கழுத்து நரம்பு புடைத்தது. குரல் நடுங்கத் தொடங்கியது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று விரல்களை மடக்கிக்கொண்டிருந்தேன்.

மேனகா ஆன்ட்டி வரிசையிலிருந்து அரை அடி முன்னால் வந்தார். தாடையை இறக்கினார். எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சை இழுத்தார். அந்த மூச்சு பதிவில் இருக்கிறது, நான் வெட்டவில்லை. மற்ற ஏழு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். மிச்சம் இரண்டு வரிகளையும் அவர் முகத்தைப் பார்த்தே முடித்தார்கள்.

படம் திரும்பி வந்தபோது அங்கிள் சும்மா உட்கார்ந்திருந்தார். சத்தத்தைத் திறந்தேன்.

“முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது,” என்றார் ஆன்ட்டி.

“கடைசிச் சரணத்துல லைன் நின்னுருச்சே. அப்ப என்ன செஞ்சீங்க?”

“பாடுனோம்.”

“யாரைப் பாத்து?”

ஏழு பேரும் ஆன்ட்டியைப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு லொறி ஹோர்ன் இரண்டு முறை அடித்தது. அங்கிள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இதுக்குன்னு நான் வரத் தேவல்ல.”

“இதுக்குன்னு வரத் தேவல்ல,” என்றார் ஆன்ட்டி. “ரோட்டத் தொறந்ததும் வீட்டுக்கு வாங்க.”

லொறி இன்னொரு முறை அடித்தது. பிறகு இயந்திரத்தின் உறுமல் கேட்டது, மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆன்ட்டி தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சத்தம் முழுதாக அடங்கிய பிறகும் படத்தில் அங்கிள் இருந்தார்.