வெர்னா வந்தால் பேச்சு மாறும்

வெர்னா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பூட்ஸைத் தட்டுவதற்குள் என் காப்பிக் கடையில் பேச்சு பனிப்பொழிவுக்குத் தாவிவிடும். யார் வீட்டு விவாகரத்தோ பாதியில் தொங்கும். "வந்துட்டாப்பா, வாயை மூடு. அச்சுல ஏத்திடுவா" என்று யாராவது முணுமுணுப்பார்கள். அவளுக்கும் கேட்கும். "உன் கதைய எவன்டா படிப்பான்?" என்றபடி ஜன்னலோரம் உட்காருவாள். கறுப்புக் காப்பி, ஒரு துண்டு ஆப்பிள் பை. ஓரத்து மொறுமொறுப்பைத் தின்றுவிட்டு நடுவை அப்படியே வைத்துவிடுவாள்.

வடக்கு மினசோட்டாவின் இந்தச் சுரங்க ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டு நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் நேரத்தில் கதை எழுதினாள். சின்னப் பத்திரிகைகள் போட்டன. இரண்டு மெலிந்த தொகுப்புகள் வந்தன. ஒரு நாவல் எழுதேன் என்று கேட்டேன். "அவ்வளவு நேரம் எந்த மனுஷன் என்கூட உக்காருவான்?" என்றாள்.

துக்க வீட்டிலும் அவள் கேள்வி வேறு மாதிரிதான். என் கணவர் இறந்த அன்று எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழ, இவள் மட்டும் "அப்ப அடுப்புல என்ன வச்சிருந்தே?" என்றாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அன்றைக்கு நான் வாய் திறந்து பதில் சொன்னது அவள் ஒருத்திக்குத்தான்.

அவளுக்கு இருக்கும் ஒரே சொந்தம் தம்பி ரெய்னோ. சில வருடங்களுக்கு முன், மகனோடு உறைந்த ஏரியின் மேலேயே வண்டியை ஓட்டி மீன் பிடிக்கப் போனபோது பனிக்கட்டி உடைந்து அவன் வண்டி உள்ளே போனது. அவன் பிழைத்தான், மகன் எரிக் போய்விட்டான். மறு வருடம் வெர்னா அதைக் கதையாக்கினாள். பெயரை மாற்றினால் எங்களுக்குத் தெரியாதா என்ன? கதையில் அப்பன் மகனை விட்டுவிட்டு முதலில் வெளியே குதித்துவிடுவான். "சொந்தத் தம்பியைப் பத்தி இப்படியா இட்டுக்கட்டுவா, பாவி?" என்று ஊரே காறித் துப்பியது. ரெய்னோ அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான். கிறிஸ்துமஸுக்கு அவள் சுட்டுக்கொண்டுபோய் வைக்கும் ரொட்டி அவன் வாசலிலேயே கிடந்து உறையும். அவளும் விடாமல் வருடா வருடம் கொண்டுபோனாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன வாரம் ரெய்னோ கடைக்கு வந்தான். நேரே அவள் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"வண்டிக்குள்ள நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம். யாரு சொன்னா உனக்கு?"

"எதை?"

"நான் முதல்ல குதிச்சதை."

வெர்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "யாரும் சொல்லலடா. நானா கட்டினது."

"கட்டினதா?" அவன் அவளையே பார்த்தான். "அவன் கூப்பிட்டான், வெர்னா. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும்தான் குதிச்சேன்."

அவ்வளவு பெரிய ஆள், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். கடையிலிருந்த எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின, என் தலையும்தான். வெர்னா எழுந்தாள். தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி, இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி, எங்களுக்கும் தம்பிக்கும் நடுவே நின்றாள்.