கார்புரேட்டர் ஊசி

வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் கடைசி நாளன்று வீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவருவார்கள். லிஃப்ட்காரர் ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு அல்ல, தள்ளுவண்டியில் படுக்கப் போட்டு. அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் யாரோ கைவிட்டுப் போனது. அங்கே லிஃப்ட் ரிப்பேருக்குப் போகும்போதெல்லாம் அதன் டேங்கில் ஒரு தட்டுத் தட்டி விசாரித்துவிட்டு வருவாராம். கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றதும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் மனைவி தையல்காரி. வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க இது, எலும்புக்கூட்டத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"பாத்துட்டே இரு. ஒரு நாள் உன்னைப் பின்னாடி உக்கார வெச்சுத் தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்."

"தெருமுனைக்கு நான் நடந்தே போயிடுவேனே."

சொன்னாளே தவிர, அன்று சாயங்காலமே சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளி முன்னறையில் வண்டிக்கு இடம் செய்தவளும் அவள்தான். ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின், நடு அறையில் அவருடைய எலும்புக்கூடு. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிரீஸைத் தாண்டி வரவேண்டியிருந்தது. அதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது: "பயப்படாதீங்க, கடிக்காது."

லிஃப்ட்காரர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய அலுமினியத் தட்டு, அதில் அவள் வெட்டி மிச்சமான வெள்ளைத் துணி. கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே தட்டின் விளிம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு போவார். திரும்ப மாட்டும்போது கடைசியில் வைத்ததிலிருந்து பின்னோக்கி வருவார். தட்டு காலியானால் வேலை முடிந்தது என்று அர்த்தம். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்தவரின் பழக்கம் அது. ஒரு நட்டு எங்கே போனது என்று தெரியாமல் மேலே ஏறி வந்ததாகச் சரித்திரமே இல்லை. வேறு எதில் பெருமை அடித்துக்கொள்ளாவிட்டாலும் இந்த ஒன்றில் மனிதர் விட்டுக்கொடுக்க மாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற ஆள்தான், ஆனால் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டால் வேறு ஆள்.

டேங்கின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. தூசி என்றார்கள். பிறகு சளி என்றார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மகளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது, நிறுத்த மருந்து இல்லை. மகள் அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழாமல் கேட்டுக்கொண்டாள். லிஃப்ட்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் யாரையும் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக வண்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வேலை சூடு பிடித்தது. சக்கரத்துக்குக் கம்பிகள் மாற்றினார். இன்ஜினை இறக்கிச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். அந்த வாரங்களில் இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். சீட்டுக்குக் கறுப்பு ரெக்ஸினில் அவளே உறை தைத்தாள், ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு. மூச்சு வாங்கினால் நிறுத்துவார், அடங்கியதும் தொடர்வார். வண்டிக்கு உயிர் வர வர அவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார். பழைய சினிமாப் பாட்டை மெதுவாக முனகினார்.

ஒரு மத்தியானம் டேங்கைத் துடைத்தபடி சொன்னார்:

"கார்புரேட்டர் ஒண்ணுதான் பாக்கி. இது ஓடுற சத்தத்த ஒரு தடவை கேட்டுட்டா போதும். அப்புறம் மேல இருந்து எப்பக் கூப்பிட்டாலும் கிளம்பிடலாம்."

லிஃப்ட்காரர் பேச்சு அல்லவா, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டாள். கையில் வேலை இருக்கும்வரை இந்த மனுஷன் இருப்பார், வேலை முடிந்தால் முடிந்துவிடும் என்று அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பக்கத்தில் படுத்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருப்பவளுக்கு அது சிரிப்பாக இல்லை.

மறுநாள் கார்புரேட்டரைப் பிரித்துத் தட்டில் அடுக்கிவிட்டுக் கை கழுவப் போனார். தட்டில் மிதவை என்கிற பாகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி இருந்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு முனை கூர். பெட்ரோல் தேவைக்கு மேல் வராமல் அடைப்பது அதுதான், அது இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்று முந்தின நாள்தான் அவளுக்கு விளக்கியிருந்தார். அவள் அதை எடுத்துத் தன் பட்டன் டப்பாவுக்குள் போட்டாள். நாலு நாள், மிஞ்சினால் ஒரு வாரம். அதற்குள் வேறு எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தாள்.

பாவம், அவள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. வேலை பாக்கியிருக்கிற மனுஷனும் வேலை தடைபட்ட மனுஷனும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தோன்றவில்லை.

லிஃப்ட்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். முழங்காலிட்டுத் தரையைத் தடவ ஆரம்பித்தார்.

"என்னங்க தேடுறீங்க?"

"ஊசி. இங்கதான் வெச்சேன்."

"உருண்டிருக்கும். அப்புறம் பாக்கலாம், எந்திரிங்க."

எழுந்திருக்கவில்லை. மெஷினுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மிதியடிக்குள், குப்பைக்கூடையில் என்று அடுத்தடுத்த நாட்களிலும் தேடினார். இருமிக்கொண்டே தரையில் தவழ்ந்தார். வேறு எதையும் அவர் கழற்றவில்லை. அந்த வண்டிக்கு உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய சிநேகிதர் லேத்துக்காரர் ஓர் ஊசியைக் கடைந்து கொண்டுவந்தார். மாட்டியதும் பெட்ரோல் வழிந்து தரை நனைந்தது. இன்னொன்று கடைந்தார், அதுவும் இடத்தில் சரியாக உட்காரவில்லை. லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் மறுபடி கழற்றித் தட்டில் வரிசையாக அடுக்கினார்.

"விடுப்பா, பழைய ஊசி கிடைக்காம அளவு எடுக்க முடியாது. ஊசிதானே, யாருக்கும் தவறுறதுதான்," என்றார் லேத்துக்காரர்.

"எனக்குத் தவறாது," என்றார் லிஃப்ட்காரர். தரையில் வழிந்த பெட்ரோலைத் துடைத்தபடி, "தவறாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார்.

அதோடு மனிதர் உட்கார்ந்துவிட்டார். வண்டியைப் பழைய போர்வையால் மூடினார். அடுப்பை அணைத்தோமா என்று அவளையே போய்ப் பார்க்கச் சொன்னார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். மாத்திரை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே எடுத்துக் குடு. நான் எதையாவது மாத்திப் போட்டுத் தொலைப்பேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தபோது அடுக்களையில் மெதுவாகக் கேட்டாள்:

"ஏம்மா, அப்பாவுக்கு ஞாபகமும் போகுதா?"

ஊசியைத் தையல்காரி அன்றே கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் பட்டன் டப்பாவைத் திறந்தாள். என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை. கொடுத்தால் முடித்துவிடுவார் என்ற பழைய பயமும் போகவில்லை. ஊசியின் முனையில் லேசாகத் துரு பிடித்ததுபோல் இருந்தது. துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி மறுபடி உள்ளே வைத்தாள். இரும்பை வெறுமனே வைக்கக் கூடாது என்பது அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அதன் பிறகு வாராவாரம் எண்ணெய் போட்டாளே ஒழிய எடுத்துக் கொடுக்கவில்லை. இவளைத் திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் திட்ட வாய் வரவில்லை.

குளிர் தொடங்கியதும் அவர் படுக்கையோடு படுக்கையானார். தலைமாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி வைத்தால்தான் மூச்சு. ஒரு நாள் காலையில் அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கண் முன்னறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. போய் ஊசியை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கிடைச்சிடுச்சுங்க. அலமாரிக்கு அடியில கிடந்தது."

லிஃப்ட்காரர் ஊசியை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். தூசி இல்லை, துரு இல்லை. ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கி மூக்கருகே கொண்டுபோனார். தையல் மெஷின் எண்ணெய்க்கு என்று ஒரு வாசனை உண்டு. ஜன்னலோரத்திலிருந்து அந்த வீட்டில் வருஷக்கணக்காக வந்த வாசனை அது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். அடித்தால்கூட நன்றாக இருக்கும்போல் இருந்தது.

"அப்ப," என்றார், மூச்சு வாங்கி நிறுத்தி, "நான் தொலைக்கல."

"இல்லீங்க."

"நான் வெச்ச இடத்துலதான் வெச்சேன்."

"ஆமாங்க. நீங்க சரியாத்தான் வெச்சீங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதைப் பார்த்தபோதுதான் தையல்காரிக்கு நெஞ்சு வெடித்து அழுகை வந்தது. டாக்டர் சொன்னதை மகள் வந்து சொன்ன அன்று வராத அழுகையும் சேர்ந்து வந்தது. ஆயுளைக் கூட்டித் தருகிறேன் என்று போய், அவருக்கு இருந்த நல்ல நாட்களை எல்லாம் தரையில் தவழவிட்டுவிட்டாள். அவர் கையை அவரே நம்பாமல் செய்துவிட்டாள்.

அவர் அவளைத் தேற்றவில்லை. தேற்ற மூச்சு இல்லை. முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். தோள் தலையணையை விட்டு ஒரு சாண் நகர்ந்தது. மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்தது. அவள் பிடித்துச் சாய்த்து முகமூடியைச் சரியாக வைத்தாள். ரொம்ப நேரம் கழித்து ஊசியை அவளிடம் நீட்டினார்.

"தட்டுல, அது இடத்துல வை."

அவள் முன்னறைக்குப் போனாள். போர்வையை விலக்கினாள். டேங்க் பளபளவென்று இருந்தது, அவள் தைத்த சீட்டில் யாரும் உட்கார்ந்த சுருக்கம் இல்லை. முக்காலியின்மேல் அலுமினியத் தட்டு அப்படியே இருந்தது. விளிம்பைச் சுற்றி எல்லாம் வரிசையாக இருந்தன, மிதவைக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலி. ஊசியை அங்கே வைத்தாள்.

மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும் என்று அவர் முன்பு சொல்லியிருக்கிறார். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. அந்த அரை மணி நேரம் அவரிடம் இல்லை.