அட்டையில் இல்லாத பிள்ளை

மாலை ஐந்தே கால் மணி. பக்கத்து வளவு ரேடியோவில் செய்தி தொடங்கும் நேரம் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. வேலிப் படலைக்கு வெளியே ஒருவர் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். கையில் ஒரு பைல் மட்டை.

“வீட்டில எத்தின பேர் அக்கா?”

“மூணு பேர். நானும் ரெண்டு சின்னப் பிள்ளைகளும்” என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் எழுதிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போய்விட்டார்.

நாங்கள் நான்கு பேர்.

யுத்த காலம் அது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கிறது. ஷெல் விழத் தொடங்கியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்து, தன்னாமுனையில் சொந்தக்காரர் ஒருவரின் வளவில் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கியிருந்தேன். மாடுகளை ஒரு ஆளிடம் பாரம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கிய கணவர் வந்து சேருவதற்குள் வாவியைக் கடக்கும் தோணித் துறையை மூடிவிட்டார்கள். அவர் அக்கரையிலேயே நின்றுபோனார். மூத்த மகனுக்கு அப்போது பதினைந்து வயது.

அந்த வயதில் பிள்ளை வைத்திருந்த எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. பள்ளிக்கூடம் போகிற வழியிலும் பிடித்தார்கள், கோயில் திருவிழாவிலும் பிடித்தார்கள். யார் என்று கேட்டால் ஊருக்கு ஊர் வேறு பதில் வரும். ஆகவே இக்கரைக்கு வந்ததிலிருந்து நான் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. தெரியாத ஆள் படலையடிக்கு வந்தால், அவன் பின்பக்கத்தால் இறங்கி வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் போய் இருந்துவிடுவான்.

சைக்கிளில் வந்தவர் நிவாரணத்துக்குப் பதிய வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அட்டை வந்தபோது அதில் மூன்று பேர். கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் மூன்று பேருக்கு அளந்தார்கள்.

நான் உயர்தரம் வரை படித்தவள். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலையில் சொல்லிக்கொடுத்தவள். அதனால் அந்த ஒழுங்கைத் தெருவில் இருந்த இடம்பெயர்ந்த சனமெல்லாம் அட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வரும். ஆளுக்கு எவ்வளவு, எந்தக் கிழமை முத்திரை விழவில்லை, யாருக்கு ஏன் வெட்டினார்கள் என்று ஒவ்வொருவருக்கும் பார்த்துச் சொல்வேன். என் அட்டையைத்தான் யாருக்கும் காட்டுவதில்லை. ஒருநாள் பக்கத்துக் கொட்டில் பெண் என் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“மூணு பேருக்கு இவ்வளவு பெரிய பானையா டீச்சர்? ஆர் கா அந்த விருந்தாளி?”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து நான் சின்னப் பானையில் இரண்டு முறை சமைத்தேன்.

மூன்று பேரின் அரிசியை நான்கு பேர் சாப்பிட்டுச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மகன் வேறு கணக்குப் போட்டிருக்கிறான். “எனக்குப் பசியில்லம்மா, தங்கச்சிக்குப் போடுங்க” என்பான். கரையில் இறால் பிடித்துச் சுட்டுத் தின்றேன் என்பான். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஒரு காலை, கிணற்றடியில் வாளியோடு விழுந்துவிட்டான். ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தேன். கிடத்திய பிறகுதான் உறைத்தது. பதினைந்து வயதுப் பிள்ளையை நான் தனியாகத் தூக்கியிருக்கிறேன். தூக்க முடிந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது.

அடுத்த நாளே செங்கலடிக்குப் பஸ் ஏறினேன். நிவாரணக் கந்தோரில் நீளமான வரிசை. மேசையில் கண்ணாடி போட்ட ஒரு கிளார்க், என் வயதுதான் இருக்கும். அட்டையை வாங்கித் தன்னுடைய பதிவோடு ஒத்துப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு. மூணு பேர், மூணு பங்கு. என்ன குறை?”

“ஒரு ஆள் விடுபட்டிருக்கு. சேர்க்கலாமா?”

“சேர்க்கலாமே. பேரும் வயசும் சொல்லுங்க, பிறப்புப் பத்திரம் காட்டுங்க. மறுகா புதுப் பட்டியல் அடிச்சு சங்கக் கடையில ஒட்டுவம். அடுத்த மாசம் பங்கு வரும்.”

“ஒட்டுவீங்களா? வயசையும் போட்டா?”

“ஓம், வயசும்தான்.”

சங்கக் கடைச் சுவர் கண்முன்னே வந்தது. அதை வாசிக்காமல் அந்தத் தெருவால் போகிறவர் எவரும் இல்லை. அவர் பேனையைப் பிடித்தபடி, “வயசு எத்தின?” என்றார். நான் அவருடைய பேனை முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் நின்ற ஒருவர், “அக்கா, கெதியா சொல்லுங்க. நிண்டு நிண்டு எங்கட வயசும் ஏறுது” என்றார். வரிசை சிரித்தது. கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “ஆம்பிளப் பிள்ளையா?” என்று கேட்டார்.

நான் அட்டையைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரு துண்டுக் கடதாசியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில்தான் எல்லாம் விளங்கியது. அட்டை அவருடைய கையில் இருந்தது. என் பெயர், இருக்கிற வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. இல்லாத பிள்ளையை இருக்கிறான் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சோறு கேட்கப் போன இடத்தில் பிள்ளையையே காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

வந்ததும் மகனைக் கண்டலுக்குள் அனுப்பினேன். நான் வந்து கூப்பிடும்வரை வரக்கூடாது என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வயதுப் பிள்ளை ஏன் என்று கேட்காமல் போவதைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று எழுதத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரம் படலையில் ஆள் அரவம் கேட்டது. அந்தக் கிளார்க்கேதான். பக்கத்தில் ஒரு பெண், அவருடைய மனைவி. நான் படலையைத் திறக்கவில்லை. உள்ளே வரச் சொல்லவும் தோன்றவில்லை.

அவர் படலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “வரிசைக்கு முன்னால இதக் கதைக்க ஏலாது, அதான் வந்தன். உங்கட வீட்டுக்காரர் எங்க?”

“அக்கரையில. துறை மூடினதால வர ஏலாமப் போச்சு.”

“அவர்ர பேர ஏன் போடல்ல?”

“ஆள் இஞ்ச இல்லையே.”

“துறை மூடி நிண்டுபோன குடும்பத் தலைவரச் சேர்க்கலாம் அக்கா. கிராம விதானையிட்ட ஒரு கடிதம் வாங்கித் தாங்க, போதும். மறுகா நாலு பங்கு வரும். சுவத்தில உங்கட வீட்டுக்காரர்ர பேரும் வயசும்தான் இருக்கும். அதப் பார்த்து ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க.”

ஒழுங்கை முழுவதற்கும் அட்டை வாசித்துக் கொடுத்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. கூரைக்குக் கீழே இருப்பவர்களைத்தான் எழுதலாம் என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். மறுநாள் ஒவ்வொரு கொட்டிலாகப் போய்த் திருத்திச் சொன்னேன்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. “இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகனைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நான்கு பங்கு வந்தது; பிறகு துறை திறந்து கணவரும் வந்தார். மகன் இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். அவன் வீடு வரக் கொஞ்சம் பிந்தினாலும் நான் இன்னும் படலையடிக்குப் போய் நிற்கிறேன். வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் உடனே பதில் வராது. அந்த நேரத்திலெல்லாம், அன்று அந்தக் கிளார்க்குக்குப் பதிலாக அவருடைய மனைவி பேசியதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அவள் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள்.

“எங்கட மூத்தவனையும் நாங்க ஒரு இடத்திலயும் எழுதிக் குடுக்கல்ல அக்கா” என்றாள். பிறகு கொட்டிலுக்குப் பின்னால், வாவிப் பக்கம் பார்த்தாள். “பனி விழுகுது. பிள்ளைய உள்ள கூப்பிடுங்க.”